வேலை தெரிந்த கைக்கு ஒரு சான்றிதழ்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். சங்கத்தினரும் அப்படித்தான் கேட்டார்கள். நாம் வேறொரு விடயத்தைப் பேச அனுமதி கேட்டோம். அது அரசாங்கம் தன் செலவில் நடத்தும் தொழிற்பயிற்சி. வேலை தேடும் பிள்ளைகளுக்கும், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கும் அது எதைக் கொடுக்கிறது, நாம் ஏன் அதை இவ்வளவு காலமும் திரும்பிப் பார்க்காமல் இருந்தோம் என்பதே இன்றைய பேச்சு. விழா மேடையில் இதற்கு என்ன இடம் என்று நினைக்க வேண்டாம். இது நமது வகுப்பறைகளில் இருந்த பிள்ளைகளின் கதை.

நீங்கள் உள்ளே வரும்போது அலுவலக வாசலில் கௌரவப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழகம் சென்றவர்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. நமது பெயரும் அதில் இருக்கிறது. நம் தாயார் உயிரோடு இருந்த காலத்தில் பாடசாலைக்கு வரும்போதெல்லாம் அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் நமது வகுப்பில் 38 பேர் படித்தோம். பலகையில் இருப்பது 6 பெயர். மிகுதி 32 பேரும் எங்கே என்று இத்தனை வருடத்தில் நாம் ஒரு தடவையேனும் கேட்டோமா?

நாம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வருடம் 1995. அந்த வருடம் ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். சிலர் அங்கிருந்து கிளாலி வழியாக வன்னிக்குப் போனார்கள். 1996 இன் நடுப்பகுதியில் ஊர் திரும்பி, இதே கட்டடத்தில் மறுபடி வாங்கில் அமர்ந்தபோது நாம் 21 பேர்தான் இருந்தோம். வராதவர்களின் பெயர்களை ஆசிரியர் இடாப்பில் சில நாட்கள் வாசித்தார். பிறகு வாசிக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. படிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெயர்களில் ஒன்றை நாம் சில வருடங்களுக்கு முன்பு ஆஸ்பத்திரி விடுதியில் சந்தித்தோம். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

பாரிசவாதத்தால் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்த ஒரு முதிய அம்மா நெஞ்சுச் சளியோடு அனுமதிக்கப்பட்டிருந்தார். இப்படியான நோயாளர் வரும்போது நாம் முதலில் முதுகையும் இடுப்பையும் குதிக்கால்களையும் பார்ப்போம். படுக்கைப்புண் இல்லாமல் வருபவர்கள் குறைவு. இந்த அம்மாவின் உடம்பில் ஒரு சிவப்புத் தழும்புகூட இல்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருந்தார்கள். பக்கத்தில் நின்றது சம்பளத்துக்குப் பராமரிக்கும் ஒரு பெண்.

"இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்க வைக்கிறனான் டொக்டர். இரவிலையும்தான்," என்றார். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்துவதையும், கொடுத்து முடிந்த பின்னர் அரை மணித்தியாலமாவது சாய விடாமல் வைத்திருப்பதையும் அவர் சொன்ன ஒழுங்கு, நாம் தாதிய மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்காகவே இருந்தது. சலக்குழாய்ப் பையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எங்கே படிச்சனீங்கள்?" என்று கேட்டோம். பயிற்சி எடுத்த இடத்தைத்தான் கேட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "உங்களோடதான்," என்றார்.

மூன்றாவது வாங்கில் நமக்குப் பக்கத்தில் இருந்தவர். கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரி. வன்னிக்குப் போனவர் திரும்பி வந்தபோது வயது போய்விட்டது. தந்தையார் இல்லை. தம்பிமாரைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. 12 வருடமாக வீடுகளில் முதியோரைப் பராமரித்து வருகிறார். நாம் யாரென்று அவருக்கு முதல் நாளே தெரியும். மூன்று நாட்கள் "டொக்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். இந்த மேடையில் நிற்கும்போதும் அந்த மூன்று நாட்களை நினைத்தால் நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு கதைத்தபோது தன் மனக்குறையை ஒன்றே ஒன்றாகச் சொன்னார். வேலைக்கு ஆள் அனுப்பும் இடத்தில் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் எடுத்த இளம் பிள்ளைக்குக் கூடச் சம்பளம். அந்தப் பிள்ளைக்கு வேலை பழக்குவது இவர். "எனக்கு ஓ.எல். இல்லை. நான் எங்கை போய் இனிப் படிக்கிறது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு விடை நமது நாட்டில் இருக்கிறது. அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறோம், நமக்கும் தெரிந்திருக்கவில்லை. தேடிப் படித்த பின்னர்தான் அறிந்தோம்.

வலிகாமம் இடம்பெயர்ந்த அதே 1995 ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பாராளுமன்றம் தொழிற்பயிற்சி அதிகார சபைச் சட்டத்தை நிறைவேற்றியது. கிராமப்புற இளைஞர் யுவதிகளுக்கு அவர்களுடைய இடத்துக்கு அருகிலேயே தொழில் பழக்குவது அதன் நோக்கம். அதற்கு முன்பே, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவும், தொழில் பயிலுனர்களைப் பொறுப்பேற்கும் 'நைற்றா' என்ற அதிகார சபையும் உருவாகியிருந்தன. தொழில்நுட்பக் கல்லூரிகள் இவற்றுக்கெல்லாம் மூத்தவை. கொழும்பில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கியது 1893 இல். இன்று நாம் தலைநிமிர்ந்து சொல்லும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1960 இல் கட்டுபெத்தையில் அமைந்த செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவனம். பொறியியலாளர் ஆன நமது தங்கைமார் படித்த இடம் ஒரு காலத்தில் தொழில் பழக்கிய இடம்தான்.

இந்த நிறுவனங்கள் தனித்தனியாகக் கொடுத்த சான்றிதழ்களை ஒரே அளவுகோலில் கொண்டுவந்தது 2004 ஆம் ஆண்டளவில் வந்த தேசிய தொழிற்றகைமை முறை. என்.வி.கியூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் 7 மட்டங்கள் உண்டு. முதலாம் மட்டம் தொடக்க நிலைத் திறன். இரண்டிலிருந்து நான்கு வரை திறன் படிப்படியாகக் கூடும். நான்காம் மட்டம் எடுத்தவர் பிறர் மேற்பார்வை இல்லாமல் முழு வேலையையும் தாமே செய்யக்கூடியவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டம். அந்தப் பட்டத்தைக் கொடுக்கத் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்று 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இரத்மலானையில் அமைக்கப்பட்டது. ஆகவே தொழிற்பயிற்சி முட்டுச்சந்து அல்ல. மேசன் வேலையில், மின்னிணைப்பு வேலையில், பராமரிப்பு வேலையில் தொடங்கிய பிள்ளை ஏறிப் போகப் படிகள் இருக்கின்றன.

இந்தச் சான்றிதழைப் பெற இரண்டு வழிகள். ஒன்று, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. பெரும்பாலான அரச பயிற்சிநெறிகளுக்குக் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. சிலவற்றுக்குச் சாதாரண தரம் வேண்டும். சிலவற்றுக்கு 9 ஆம் தரம் வரை படித்திருந்தால் போதும். நைற்றாவின் பயிலுனராகச் சேர்ந்தால் வேலைத்தளத்திலேயே பழகலாம்.

இரண்டாவது வழிதான் நமது தோழிக்கு உரியது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். பல வருடம் வேலை செய்து பழகிய ஒருவர் மறுபடி வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. அவர் செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோவையாகச் சேர்க்க வேண்டும்: வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், படங்கள், குறிப்புக் கொப்பிகள். பிறகு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் முன்னிலையில் அந்த வேலையைச் செய்து காட்ட வேண்டும். தேசியத் தேர்ச்சி நியமம் எதை எதிர்பார்க்கிறதோ அதைச் செய்யத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எந்தப் பள்ளிக்கூடத்தில், எத்தனை 'ஏ' என்பதல்ல. பராமரிப்பாளர் தொழிலுக்கும் அப்படி ஒரு நியமம் உண்டு.

இதை நாம் அவரிடம் சொன்னபோது அவர் மகிழ்ச்சியடையவில்லை, பயந்தார். "1995 க்குப் பிறகு நான் சோதினை எண்டு ஒண்டுக்கும் போகேல்லை," என்றார். விண்ணப்பப் படிவத்தை ஒரு வாரம் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு அலுவலகத்தில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அடுத்த மாதம் போனபோது அதற்கடுத்த மாதம் என்றார்கள். ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் ஒவ்வொரு முறையும் போனார். கடிதம் தர வேண்டிய வீட்டுக்காரர்களில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் காலமாகிவிட்டார். எழுதித் தரக்கூடிய ஆள் நாமே என்பது நமக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் பராமரித்த நோயாளர்களை விடுதியில் பார்த்தவர்கள் நாம்தானே. ஒரு பக்கக் கடிதம். எழுதப் பத்து நிமிடம் ஆனது.

மதிப்பீட்டு நாளன்று கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு நோயாளியை மாற்றிக் காட்டச் சொன்னார்களாம். சக்கரத்தைப் பூட்டி, நோயாளியின் பலமான பக்கத்தில் நாற்காலியை வைத்து, தன் முழங்காலை மடித்து அவர் தூக்கியபோது, பக்கத்தில் நின்ற இளம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். எல்லாம் சுலபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டோம். மூன்றாம் மட்டம் கிடைத்தது. பதிவேடுகளை எழுதி வைப்பதிலும் வேறு சில பகுதிகளிலும் குறை இருந்தது. அவற்றைப் பழகிக்கொண்டு நான்காம் மட்டத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். இப்போது அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். சம்பளம் ஓரளவு கூடியது. சான்றிதழைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார். அவருக்கு இருக்கும் கௌரவப் பலகை அது ஒன்றுதான்.

இனி, பின்னால் நிற்கும் மாணவிகளிடம் சில வார்த்தைகள். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. இஸட் புள்ளி காணாமல் போனால் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்து மருந்து குடித்த பிள்ளைகளை நாம் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறோம். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு கதவு இருக்கிறது என்று வீட்டிலோ பாடசாலையிலோ யாராவது மரியாதையான குரலில் சொல்லியிருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறோம். மரியாதையான குரல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். "படிக்காவிட்டால் தையலுக்குத்தான் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பிறகு ஒருநாள் "தையலுக்குப் போ" என்றால் எந்தப் பிள்ளை போகும்?

கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மனியின் உதவியோடு அமைத்து 2016 இல் திறந்த தொழிற்பயிற்சி நிறுவனத்தைப் போய்ப் பாருங்கள். வாகனத் தொழில்நுட்பம், கட்டடத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் என்று கற்பிக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தையலும் மணப்பெண் அலங்காரமும்தான் என்று எழுதி வைத்த விதி எங்கும் இல்லை. அந்த விதியை எழுதியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தான்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஊரில் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று பாராமல், நிலையத்தில் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதற்கு ஏற்பப் பயிற்சி நடக்கும் இடங்கள் உண்டு. பின்நேரம் வகுப்பு முடிந்தால் வீடு திரும்ப பஸ் இல்லாத கிராமங்கள் உண்டு. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்குப் பயிற்சி இலவசம் என்பது பாதி உதவிதான். பிள்ளையை யார் பார்ப்பது? வேலை செய்பவருக்குப் பயிற்சிக் கட்டணம் இல்லாவிட்டாலும், வேலைக்குப் போகாத நாளின் சம்பளம் போகிறது. அரசாங்கம் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொடுக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப வேறு யாராவது வேண்டும். இங்கேதான் நமது சங்கம் வருகிறது.

ஒரு வைத்தியராக இதன் அவசரத்தையும் சொல்லிவிடுகிறோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டு மக்களில் 100 க்கு 12 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். அதன் பின்னர் அந்தத் தொகை வேகமாக ஏறியிருக்கிறது. நமது ஊரில் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும், பெற்றோர் இங்கே தனியாக. இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் பலருக்கு இன்னும் இருபது, முப்பது வருடத்தில் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க ஒரு கை தேவைப்படும். அது பழகிய கையாக இருக்குமா என்பதை இன்றைக்கு நாம் அந்தத் தொழிலுக்குக் கொடுக்கும் மதிப்புத்தான் தீர்மானிக்கும்.

நூற்றாண்டை ஒட்டிச் சங்கத்திடம் நான்கு வேண்டுகோள்கள் வைக்கிறோம்.

முதலாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தில் ஒரு மேசை போடுவோம். பிரதேச செயலகங்களில் இருக்கும் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர்களையும் தொழிற்பயிற்சி உத்தியோகத்தர்களையும் அழைப்போம். படிவம் நிரப்பவும் ஆதாரக் கோவை சேர்க்கவும் நாம் உதவுவோம். நம்மில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எழுதுவினைஞர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். ஒரு கடிதம் எழுத அறியாதவர் யார்?

இரண்டாவது, வெளிநாட்டுக் கிளைகள் அனுப்பும் புலமைப்பரிசில் நிதியில் ஒரு பகுதியைத் தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் பஸ் செலவுக்கும், மதிப்பீட்டுக்குப் போகும் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்துக்கும் ஒதுக்குவோம். பெரிய தொகை தேவையில்லை.

மூன்றாவது, 10 ஆம், 11 ஆம் தர மாணவிகளை வருடத்தில் ஒரு நாள் பயிற்சி நிலையமொன்றுக்குக் கூட்டிச் செல்வோம். பல்கலைக்கழகத்தைப் பார்க்கக் கூட்டிப் போகிறோம் அல்லவா, அதே பஸ்ஸில், அதே மரியாதையோடு.

நான்காவது, அந்தக் கௌரவப் பலகை. அதில் இருக்கும் ஒரு பெயரையும் அழிக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று வைப்போம். என்.வி.கியூ. நான்காம் மட்டமும் அதற்கு மேலும் எடுத்த பழைய மாணவிகளின் பெயர்களை அதில் எழுதுவோம். எந்த வயதில் எடுத்தாலும் சரி. இடாப்பில் வாசிக்காமல் விட்ட பெயர்களை மறுபடி வாசிக்க நமக்கு இருக்கும் வழி இது.

நமது தோழியை இந்த விழாவுக்கு அழைத்தோம். சனிக்கிழமையில் லீவு எடுக்க முடியாது, அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றார். "நீ போய்ச் சொல்லடி," என்றார். இப்போது டொக்டர் என்று கூப்பிடுவதில்லை. அதைத்தான் இன்று இங்கே சொல்லியிருக்கிறோம்.